கஸ்தூரி அக்கா வாய் மூடிய படம்

வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று ஐம்பது வயது தாண்டும்வரை எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாமலே போய்ச் சேர்ந்திருக்கலாம். இப்போது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுவரை ரயிலில் போன் பார்த்துக்கொண்டே போகிற எல்லோருக்கும் தெரியும். மூக்கைச் சுருக்கி, கீழுதட்டைப் பிதுக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறந்தவர் உண்மையிலேயே இறந்துவிட்டாரா என்று உறுதிசெய்துகொள்ள வந்த தூரத்து உறவினர் மாதிரி ஒரு முகம்.

விஷயம் இதுதான். இரும்புலியூரில் எங்கள் காலனிக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. காலை வணக்கம், தண்ணீர் மோட்டார், காணாமல் போன பூனை, இந்த மூன்றைத் தவிர அதில் வேறொன்றும் வராது. போன புரட்டாசியில் ஒரு நாள் காலை அதில் ஒரு வீடியோ வந்தது. மஞ்சள் எழுத்தில் "தாம்பரம் மீன்கார அக்காவின் தரமான சம்பவம்" என்று தலைப்பு. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கஸ்தூரி அக்கா பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் குனிந்து நிற்கிறேன் நான். அக்கா என்னைத் திட்டுகிறார்.

"யோவ், இன்னாய்யா அது, மீனுக்கு ஜொரமா? தொட்டுத் தொட்டுப் பாத்துகினே கீற. கையப் புடிச்சி நாடி பாரேன்."

"மீனுக்கு ஏதுக்கா கை?"

"அப்போ உனுக்கு இன்னாத்துக்குக் கை? வெச்சிகினு சும்மா இரு."

அவ்வளவுதான் வீடியோ. ஆனால் நான் "ஏதுக்கா கை" என்று கேட்கும் இடத்தில் என் முகத்தைப் பெரிதாக்கி, ஒரு கழுதை கத்துகிற சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். கழுதை நன்றாகவே கத்தியது, குறை சொல்ல முடியாது. கீழே ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள். "அங்கிள் பாவம்" என்று ஒரு பெண். "அங்கிளுக்கு வீட்லயும் இதே ட்ரீட்மென்ட்தான்போல" என்று ஒரு ஆண்.

வீட்டம்மா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று மூன்று முறை பார்த்தாள். கழுதை மூன்று முறை கத்தியது. அவளுடைய கவலை வேறு மாதிரியானது.

"அந்த டீஷர்ட்ட வண்டி துடைக்க எடுத்து வெச்சிருந்தேன். அதப் போட்டுக்கிட்டா மார்க்கெட் போனீங்க?"

என் பீதியோ எல்லாத் திசையிலும் ஓடியது. முதலில் அலுவலகம் ஞாபகம் வந்தது. அடுத்து மாடம்பாக்கத்தில் இருக்கும் மைத்துனர். அவர் கோயில், குளம் என்று இருப்பவர். புரட்டாசியில் நாங்களும் அசைவம் தொடுவதில்லை என்று அவரிடம் வருடா வருடம் சொல்லிவைத்திருக்கிறோம். புரட்டாசியில்தான் மீன் மலிவு என்ற உண்மையை அவரிடம் எப்படிச் சொல்வது? நினைத்து முடிப்பதற்குள் போன் வந்தது.

"மாப்ள, புரட்டாசி முடிஞ்சிருச்சா? காலண்டர்ல இன்னும் இருக்கே."

அது பக்கத்து வீட்டு நாய்க்கு வாங்கிய மீன் என்றேன். எங்கள் பக்கத்து வீட்டில் நாய் கிடையாது. மைத்துனருக்கும் அது தெரியும்.

இப்படி என் முகத்துக்காகவே இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன். கோபம் வரவில்லை, வெறும் பயம். பயத்தில் நான் செய்யும் காரியங்கள் எப்போதுமே பார்க்கிற மாதிரி இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனேன். வண்டியில் அல்ல, மார்க்கெட்டுக்குள்ளே. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வெங்காயக் கடை, தேங்காய்க் கடை எல்லாவற்றையும் கடந்தேன். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சும், ஐஸ் தண்ணீரும் செதிலும் கலந்து வருகிற அந்த வாசமும் சேர்ந்து அடைத்துக்கொண்டன. தேங்காய்க் குவியலின் பக்கம் வந்ததும் கால் தானாக நின்றது. அந்த வாசத்தோடு, அந்த மூலையில், அதே மாதிரி வேர்த்து ஒளிந்துகொண்டு நான் ஏற்கெனவே ஒருமுறை நின்றிருக்கிறேன்.

அதைச் சொல்லிவிட்டு வருகிறேன், ஹெல்மெட் எங்கும் போய்விடாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. இரும்புலியூரில் ஒற்றை அறை, அதில் நானும் பாஸ்கர் என்ற நண்பனும். பர்மா பஜாரில் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். அது எங்கள் இருவருக்கும் பொது. பாஸ்கருக்கு அதில் ஒரே ஒரு உபயோகம்தான். ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெண் வீட்டில் போட்டோ கேட்டிருந்தார்கள். இரவல் பேன்ட்டோடு, யாருடைய மோட்டார் சைக்கிள் மீதோ சாய்ந்து, காகிதப்பூச் செடி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு என்று அவனை விதவிதமாக எடுத்திருந்தேன். ரோலில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் "சந்தை முகங்கள்" என்று வாசகர்களுக்குப் புகைப்படப் போட்டி வைத்திருந்தார்கள். மிச்சமிருந்த ஃபிலிமோடு நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன்.

கலைஞன் என்றால் ஒளிந்து எடுக்க வேண்டும் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "நேச்சுரலா" வர வேண்டுமாம். அதற்காகத்தான் தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எதிரே மீன்கார வரிசை. அதில் எல்லோரையும்விட உரத்த குரலில் ஒரு பெண் ஐஸ்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருக்கலாம். கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து விடிவதற்குள் கூடையோடு வந்து உட்காருகிறவர் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். க்ளிக் என்று ஒரு சத்தம். அந்தக் காலத்துக் கேமரா, சத்தம் இரும்புக் கதவைச் சாத்துகிற மாதிரி கேட்கும்.

"டேய் தென்னமட்ட. இன்னா மறைஞ்சிகினு கீற? வெளிய வா."

வெளியே வந்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாததுக்கு இன்னாத்துக்கு ஒரு கண்ண மூடிகினு கீற? இன்னா எடுத்த? காட்டு."

எடுத்ததை அங்கேயே காட்ட முடியாது, கழுவக் கொடுத்து வாங்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அரிவாள்மனையின் மேல் கால்வைத்து ஒரு பெண் "காட்டு" என்று சொல்லும்போது அறிவு ஒரு பக்கம் நிற்கும், கை ஒரு பக்கம் போகும். கேமராவின் பின்கதவைத் திறந்து காட்டினேன். வெயில் நேராக உள்ளே விழுந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். உள்ளே பழுப்பாக ஒரு நாடா.

"இதுல நான் எங்க கீறேன்?"

"இருந்தீங்கக்கா. இப்ப இல்ல."

ஒரு விநாடி என் முகத்தையே பார்த்தார். பிறகு அந்த வரிசையே சிரித்தது. பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த மாரி அண்ணன் சிரித்த சிரிப்பில் இறால் கூடை சாய்ந்தது. அக்கா சிரித்துக்கொண்டே என் பையில் இரண்டு சங்கராவைப் போட்டு, "போ, பயந்தாங்கொள்ளி, கொழம்பு வெச்சித் துன்னு" என்றார். அறைக்கு வந்து பாஸ்கரிடம் மீனை மட்டும் காட்டினேன். ரோலைப் பற்றிச் சொன்னது சாப்பிட்ட பிறகு. "மச்சான், பொண்ணு வீட்ல போட்டோ கேட்டுருக்காங்கடா" என்று மட்டும்தான் சொன்னான். அதன் பிறகு நெடுநாள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடம் தட்டிப்போய் அவனுக்கு வேறு இடத்தில் முடிந்தது. அதற்காக என் மேல் நன்றியா கோபமா என்று இன்றைக்குவரை சொல்ல மறுக்கிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது ரோலோடு போனேன், இந்த முறை நேர் வழியாக. அக்கா நிபந்தனைகள் போட்டார். முதலில் வியாபாரம் முடியட்டும். வெயில் ஏறி, பலகை காலியானதும், தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினார். முந்தானையால் துடைத்தார். எதிர்க் கடையில் ஒரு முழம் பூ இரவல் வாங்கித் தலையில் வைத்தார். கைகள் இரண்டையும் முழங்காலில் வைத்து, வாயை இறுக்க மூடி, ரேஷன் கார்டுக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். போட்டிக்கு இது தேறாதே என்று எனக்குக் கவலை. காத்துக்கொண்டே இருந்தேன். ஐஸ்காரர் அந்தப் பக்கம் வந்தார். அக்கா அவரைப் பார்த்துத் திரும்பி வாயைத் திறந்த அந்த நொடியில் அழுத்தினேன். நேச்சுரல்.

இந்த இடத்தில் அந்த மார்க்கெட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னாலேயே அங்கே கேமராவோடு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், ஸ்டூடியோக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், வெள்ளைக்காரர்கள்கூட. அதனால் வரிசைக்கு என்று ஒரு சட்டம் உருவாகியிருந்தது. யாருடைய படமோ, முதல் காப்பி அவர் கைக்குத்தான் வர வேண்டும். அவர் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குக் கொடுப்பார். அது வரிசை முழுக்கக் கை மாறிக் கை மாறி, செதிலும் ஈரமுமாக ஆளாளுக்கு ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு, திரும்ப அவரிடமே வரும். பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார். பிடிக்கவில்லை என்றால் எடுத்தவன் கண் முன்னாலேயே கிழித்துப் போடுவார். எடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது. ஃபிலிமையும் எங்கும் கொடுக்கக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஆனால் அதை மீறியவன் அந்த வரிசையில் ஒரு நெத்திலிகூட வாங்க முடியாது.

என் படம் வரிசை முழுக்கப் போய்வந்தது. அக்கா அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார்.

"வாயப் பாரு, சொறா மாரித் தொறந்துகினு. நான் இப்டியா கீறேன்?"

"இப்டித்தான் கீற" என்றார் மாரி அண்ணன்.

"நீ கம்முனு எறா உரி."

நாலாகக் கிழித்து ஐஸ் தண்ணீரில் போட்டார். என் போட்டி, என் பரிசு, என் கலை எல்லாம் சாக்கடைப் பக்கம் மிதந்து போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, நம்புங்கள்.

"மூஞ்சத் தூக்காத. வாய் மூடிகினு கீற மாரி எடு."

"பேசுற மாதிரி இருந்தாத்தான்க்கா நல்லாருக்கும்."

"பேசறது கேக்கறதுக்குய்யா. பாக்கறதுக்கு இல்ல."

வாய் மூடிய படத்தை எடுத்தேன். க்ளிக் சத்தம் கேட்டதும் "எட்த்துட்டியா?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன். அவ்வளவுதான், அடக்கிவைத்திருந்ததை வட்டியும் முதலுமாகச் சேர்த்து ஐஸ்காரரை, மாரி அண்ணனை, என்னை, அந்தப் பக்கம் சும்மா போன ஒரு போலீஸ்காரரை என்று எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தது அவருக்கு அவ்வளவு பெரிய விரதம். அந்தப் படம் வரிசையில் ஏகமனதாகத் தேறியது. கல்லாப் பெட்டியின் மூடியில், உள்பக்கம் ஒட்டி, மேலே பாலித்தீன் காகிதம் வைத்தார். போட்டிக்கு அதைத்தான் அனுப்பினேன். பத்திரிகையிலிருந்து ஒரு பதிலும் இல்லை. அந்தக் கேமராவின் தோல் உறை கடைசிவரை மீன் வாசம்தான் அடித்தது.

அந்தக் காலத்தில் மார்க்கெட்டில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எலுமிச்சம்பழக்காரர் ஒருவர் இருந்தார், கேமராவைக் கண்டால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நிற்பார், ரோல் தீர்ந்துவிட்டது என்றாலும் சும்மாவாவது அழுத்து என்பார். அவருக்கு இரண்டு கடை தள்ளி ஒரு கீரைக்காரம்மா. கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்து முகத்தின் மேல் போட்டுக்கொள்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த முந்தானை போதும். பத்திரிகைக்காரர்கூடக் கேமராவை இறக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். யார் கண்ணிலிருந்து அந்த அம்மா தன் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார், எந்த ஊரை விட்டு, யாரை விட்டு வந்திருந்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே இருக்கத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அதே மாதிரி ஒருவர் முந்தானையை இழுத்துப் போட்டால், "முகத்தை மறைக்கும் மர்மப் பெண்" என்று தலைப்பு வைத்து அதற்கும் ஒரு சோக இசை சேர்ப்பார்கள்.

சரி, ஹெல்மெட்டுக்கு வருவோம்.

ஹெல்மெட்டோடு கஸ்தூரி அக்கா முன்னால் போய் நின்றேன். தலை நரைத்திருக்கிறது, உடம்பு பெருத்திருக்கிறது, பலகை மட்டும் அதே இடம். மாரி அண்ணனும் பக்கத்திலேயே இறாலோடு இருக்கிறார். நான் யார் என்று கண்டுபிடிக்க முடியாது என்று நம்பியிருந்தேன்.

"கழட்டுய்யா. பையப் பாத்தாலே தெரீது."

பை ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பை, கைப்பிடியில் வீட்டம்மா பச்சை நூலில் தைத்த தையல். மாறுவேடத்துக்கு முன் பையை மாற்றியிருக்க வேண்டும். ஆனால் நான் கவனித்தது அதை அல்ல. அக்கா அதை மெதுவாகச் சொன்னார். மார்க்கெட்டின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல், குனிந்து நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்தது.

இந்த முப்பது வருடமாக அவர் என்னைத் திட்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அது எங்களுக்குள் ஒரு முறை. நான் செவுளைத் தூக்குவேன், அவர் திட்டுவார். நான் வேண்டுமென்றே விலையைப் பாதியாகக் கேட்பேன், என் பரம்பரையை விசாரிப்பார். எல்லாம் முடிந்ததும் ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டு, "மாமியாருக்கு மூட்டு வலி எப்டி கீது?" என்று கேட்பார். என் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய திட்டு அது. என் அம்மா இறந்த வாரம் மட்டும் திட்டவில்லை. அந்த வீடியோவில் எங்கள் முப்பது வருடத்தை வெட்டி, நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கழுதைச் சத்தத்தில் தோய்த்து வைத்திருந்தார்கள். முன்னால் என்ன, பின்னால் என்ன என்று யாருக்கும் தெரியாது. அதைப் பார்த்தவர்களுக்கு அக்கா ஒரு ராட்சசி, நான் ஒரு பாவம்.

"உனுக்கு இன்னா, கழுததான கத்துச்சி" என்றார் அக்கா. "எம் பொண்ணு ஆபீஸ்ல நடந்தது தெரியுமா?"

அக்காவின் மகள் சுகன்யாவைக் கைக்குழந்தையாக அந்தப் பலகைக்கு அடியில் தூளியில் பார்த்திருக்கிறேன். படித்து, மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. குப்பத்திலிருந்து அந்த மாதிரி வேலைக்குப் போகிற முதல் பெண் என்று அக்கா மார்க்கெட் முழுக்கச் சொல்லி, அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தார்.

"மத்தியானம் சோறு துன்ற எடத்துல ஒரு பையன் என்னிய மாரியே பேசிக் காட்னானாம். மீனுக்கு ஜொரமான்னு. எல்லாம் உழுந்து உழுந்து சிரிச்சாங்களாம். எம் பொண்ணுன்னு அவங்களுக்குத் தெரியாதுய்யா."

"சுகன்யா என்ன பண்ணாளாம்?"

அக்கா கொஞ்ச நேரம் பலகையைத் துடைத்தார்.

"அவளும் சிரிச்சாளாம்."

கழற்றிய ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"வூட்டுக்கு வந்து சோறு துன்னல. இன்னாடின்னா, அம்மா, கொஞ்ச நாளைக்கி நீ பேசாம யாவாரம் பண்ணுமான்றா. வாய் தொறந்தாத்தானம்மா எடுக்கறாங்கன்றா." நிமிர்ந்து பார்த்தார். "பேசாம எப்டிய்யா மீன் விக்கறது?"

அந்த நேரத்தில் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் கையில் போன் ஏற்கெனவே நிமிர்ந்திருந்தது.

"அக்கா, அந்த ஜொரம் டயலாக் ஒரு வாட்டி சொல்லுங்கக்கா."

"மீன் வாங்கறியா?"

"இல்லக்கா, சும்மா."

அக்கா ஒன்றும் பேசவில்லை. பையன்கள் காத்திருந்தார்கள். ஒருவன் வேண்டுமென்றே ஒரு மத்தியைத் தூக்கிச் செவுளைப் பிரித்தான், பிரித்துவிட்டு அக்காவின் வாயைப் பார்த்தான். கோபம் வரவில்லை என்றதும் இன்னொரு மத்தியைத் தூக்கினான். மாரி அண்ணன் எழுந்து நின்ற பிறகுதான் போனார்கள். "இதே பொயப்பாப் பூட்சி சார், தெனம் வரானுங்க" என்றார் மாரி அண்ணன். "போனத் தூக்கறத பாத்துட்டு வாங்கறவங்க அந்தாண்ட கடைக்கிப் பூட்றாங்க. எவன் படத்துல மாட்டிப்பான்?"

எனக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. தாமதமாக வந்தாலும் மொத்தமாக வந்தது. ஒரு மனுஷி தன் வாயை வைத்துப் பிழைக்கிறாள். அது அவளுடைய தராசு, அவளுடைய கத்தி. சிரிப்பதற்கு ஒன்று வேண்டும் என்பதற்காக அதைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். மீனைத் தூக்கிக்கொண்டு ஓடினால் திருடன் என்று கத்தலாம், துரத்தலாம். முகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை என்னவென்று சொல்லிக் கத்துவது? அவன் ஓடுவதுகூட இல்லை. அங்கேயே நின்று "நன்றிக்கா" என்று சொல்லிவிட்டு நிதானமாகப் போகிறான்.

முதன்முதலில் அந்த வீடியோவை எடுத்தவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவதாக மாரி அண்ணன் சொன்னார். அடுத்த வாரம் அவனைப் பிடிப்பது என்று முடிவெடுத்தேன். வாரம் முழுக்கக் குளியலறையில் பேசிப் பழகினேன். கைகளை இடுப்பில் வைத்துச் சொல்வதா, விரலை நீட்டிச் சொல்வதா என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை. "உள்ள யார்கிட்ட பேசறீங்க?" என்று வீட்டம்மா கதவைத் தட்டினாள்.

அவன் வந்தான். காட்டாங்குளத்தூர் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கிற பையனாம். நீளக் குச்சியின் முனையில் போன். ரௌடியை எதிர்பார்த்துப் போன எனக்கு, நெற்றியில் விபூதியோடு மிகவும் மரியாதையான ஒரு பிள்ளை கிடைத்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அங்கிள், நீங்களா" என்று கையைக் கொடுத்தான். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய் நானும் கையைக் கொடுத்துவிட்டேன்.

"தம்பி, அந்த வீடியோவ எடுத்துடுப்பா."

"ஏன் அங்கிள்? எல்லாம் பாசிட்டிவ் கமெண்ட்ஸ்தான் அங்கிள். அக்கா இப்ப செம ஃபேமஸ்."

"அவங்ககிட்ட கேட்டியா?"

"பப்ளிக் ப்ளேஸ்தான அங்கிள். கேட்டா நேச்சுரலா வராது."

அந்தச் சொல் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தேங்காய்க் குவியலுக்குப் பின்னால். எனக்கும் அவனுக்கும் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றே ஒன்றுதான். என் படத்தை அக்கா கையில் வாங்கிப் பார்த்தார், நாலாகக் கிழித்தார், அது ஐஸ் தண்ணீரில் போனது. இவன் படத்தை எந்த முனையில் பிடித்துக் கிழிப்பது?

"நேச்சுரலா? இரு, நான் உன்ன நேச்சுரலா எடுக்கறேன்" என்று என் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

பையன் சட்டென்று உள்ளங்கையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அங்கிள், வேணாம் அங்கிள், ப்ளீஸ். எங்க அப்பா பாத்தா அவ்ளோதான். லைப்ரரில படிச்சிட்டு இருக்கேன்னு சொல்லியிருக்கேன்."

"பப்ளிக் ப்ளேஸ்தானப்பா."

"என்னக் கேக்காம எப்டி அங்கிள் எடுப்பீங்க?"

கூட்டம் கூடிவிட்டது. மாரி அண்ணன் இறால் கத்தியோடு வந்து நின்றார், அவருக்கு அது கையிலேயே இருப்பதுதான், ஆனால் பையனுக்கு அது தெரியாது. அங்கேயே வீடியோவை அழித்தான். அழித்ததைக் காட்டினான். வெற்றி என்று வீட்டுக்கு வந்தேன், நான் எடுத்ததை வீட்டம்மாவிடம் போட்டுக் காட்டினேன். போனில் கேமரா என் பக்கம் திரும்பியிருந்தது. பையன் முகம் இல்லை, கூட்டம் இல்லை. முழுக்க முழுக்க என் மூக்கின் இரண்டு துவாரங்கள், கோபத்தில் விரிந்து விரிந்து மூடிக்கொண்டிருந்தன. பின்னணியில் "வேணாம் அங்கிள்" என்று ஒரு குரல். கேமரா விஷயத்தில் எனக்குப் பீதி வந்தால் கடைசியில் மாட்டுவது எப்போதும் நான்தான்.

அதுவும்கூடப் பிரயோஜனம் இல்லை. பையன் தன்னுடையதை அழித்தான், உண்மைதான். அதற்குள் அதை யார் யாரோ எடுத்து, வேறு பாட்டு சேர்த்து, வேறு தலைப்பு வைத்து, ஒருவன் கழுதைக்குப் பதில் சேவலைச் சேர்த்து, எங்கெங்கோ ஓடவிட்டிருந்தார்கள். அவர்களை நான் எந்தக் குளியலறையில் ஒத்திகை பார்த்து, எங்கே போய்ப் பிடிப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் இல்லாமல் போனேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மஞ்சள் பை மட்டும். எப்படியாவது அக்காவைத் திட்டவைத்துவிடுவது என்று ஒரு வைராக்கியம். ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கினேன். விட்டுவிட்டு மறுபடி தூக்கினேன். வயிற்றை அழுத்தினேன். கண்ணை விரலால் தொட்டேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில், இத்தனை வருடத்தில் நான் சொல்லத் துணியாத ஒன்றைச் சொன்னேன்.

"போன வாரத்து மீனாக்கா இது?"

மாரி அண்ணனின் கை இறால் மேல் அப்படியே நின்றது. வேறொரு காலமாக இருந்தால் என் ஏழு தலைமுறையும் அந்த இடத்தில் வரிசையாக வந்து நின்று பதில் சொல்லியிருக்கும். அக்கா தலையைத் தூக்கினார். கண்ணில் அந்தப் பழைய பொறி வந்தது, நான் பார்த்தேன். உதடு பிரிந்தது. பிறகு அவர் கண்கள் என் தோளைத் தாண்டிப் பின்னால் போயின. வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். வெங்காய வண்டிக்குப் பக்கத்தில் ஒருவர் போனைக் காதில் வைத்து யாருடனோ சும்மா பேசிக்கொண்டிருந்தார். அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு மூடிக்கொண்டது.

"இல்ல சார். இன்னிக்கி வந்த மீன்தான். வெட்டணுமா சார்?"

சார். தென்னமட்ட, பயந்தாங்கொள்ளி, யோவ், நாடி பாக்கற டாக்டரு, இப்படி எத்தனை பேரால் கூப்பிட்டிருக்கிறார். இந்தப் பெயரால் ஒருமுறையும் இல்லை.

வெட்டச் சொன்னேன். சில்லறைக்காகக் கல்லாப் பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் பாலித்தீனுக்கு அடியில் நான் எடுத்த படம், ஓரமெல்லாம் பழுப்பேறி, இன்னும் இருந்தது. இரவல் பூ. கழுவிய முகம். முழங்காலில் இரண்டு கைகள். இறுக்க மூடிய வாய். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அடுத்த ஆளுக்காகக் காத்து, கைகளை முழங்காலில் வைத்து, வாயை மூடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஒரு க்ளிக் நேரம்தான் அவரால் அப்படி இருக்க முடிந்தது, "எட்த்துட்டியா?" என்று கேட்டுவிட்டு உடனே ஆரம்பித்துவிட்டார். இப்போது எவன் எப்போது எடுக்கிறான் என்பது தெரியாது, எடுத்து முடித்தானா என்று கேட்கவும் முடியாது. அதனால் கடை திறந்ததிலிருந்து கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

பையை வாங்கிக்கொண்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மாமியாரின் மூட்டு வலியைப் பற்றிக்கூட யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டம்மா என்னைப் பார்த்தாள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்ன, இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க?"